முள்தான் அளவுகோல்: ஒரே மாதிரி ஃப்ளை கட்டப் பழகிய கதை

பன்னிரண்டு ஃப்ளைகளை, அதாவது மீன் பிடிக்க நானே கட்டிய பொய்ப்பூச்சிகளை, ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. எல்லாம் ஒரே எண் தூண்டில் முள், ஒரே நூல், ஒரே வாத்தின் இறகு. ஒரே வாரத்தில் நானே கட்டியவை. ஆனால் ஒன்றின் வால் உடலைவிட நீளம், அடுத்ததன் வால் அதில் பாதி. நான்காவதன் இறக்கை முன்பக்கம் சரிந்து கிடந்தது. ஏழாவதில் தலை என்று காட்ட ஒன்றுமே இல்லை, இறகு முள்ளின் காதுவரை வந்து முட்டிக்கொண்டிருந்தது. தனித்தனியாகக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் நன்றாகத்தான் தெரிந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் பன்னிரண்டு பேர் கட்டியதுபோல் இருந்தது.

நான் கும்பகோணத்துக்காரன். சின்ன வயதில் அரசலாற்றில் மண்புழு கோத்து, தக்கை மிதக்கவிட்டுக் கெண்டை பிடித்திருக்கிறேன். நியூஜெர்சிக்கு வேலைக்கு வந்தபிறகு, வடக்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைகள் வந்துவிடும் என்று தெரிந்துகொண்டேன். பீவர்கில், வில்லோவெமாக் என்ற இரண்டு ஆறுகள் ராஸ்கோ என்ற சிற்றூரில் வந்து கலக்கின்றன. இரண்டிலும் டிரவுட் மீன் உண்டு. அதைப் பிடிக்க இங்கே பலர் புழு போடுவதில்லை. தண்ணீரிலிருந்து வெளிவரும் பூச்சியைப்போல, முள்ளின் மேல் இறகும் ரோமமும் நூலும் வைத்துக் கட்டிய ஒரு பொய்ப்பூச்சியை வீசுகிறார்கள். அதுதான் ஃப்ளை. தண்ணீருக்கு மேல் மிதக்கும்படி கட்டினால் டிரை ஃப்ளை.

கட்டுவதைப் பற்றிப் பேசுவதற்கு முன் சில சொற்களைச் சொல்லிவிடுகிறேன். தூண்டில் முள்ளில் நரம்பு கோக்கும் ஓட்டையை ஊசியைப் போலவே காது என்கிறேன். காதிலிருந்து வளைவு தொடங்கும் இடம்வரை நேராக இருப்பது தண்டு. கூர்நுனிக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி வாய். சேவலின் கழுத்து இறகைத் தண்டைச் சுற்றிச் சுற்றினால், அதன் இழைகள் நாலாபுறமும் விறைத்து நிற்கும். அதற்கு ஹேக்கிள் என்று பெயர். இவ்வளவு தெரிந்தால் போதும்.

கேட்ஸ்கில் பாணி என்று தனியாக ஒன்று இருக்கிறது. நெவர்சிங்க் ஆற்றங்கரையில் வாழ்ந்த தியோடர் கார்டன், 1890-இல் இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்டிடமிருந்து டிரை ஃப்ளை மாதிரிகளைக் கடிதத்தில் வரவழைத்தார். அவற்றை இந்த மலைகளின் வேகமான தண்ணீருக்கும் இங்குள்ள பூச்சிகளுக்கும் ஏற்ப மாற்றிக் கட்டினார். மெல்லிய உடல், நிமிர்ந்த இரட்டை இறக்கை, விறைப்பான ஹேக்கிள், காதுக்குப் பின்னால் கொஞ்சம் வெறுமையாக விட்ட கழுத்து. அதிகம் எதுவும் இல்லாத அமைப்பு. அதனால்தான் அதில் பிழை ஒளிய இடமில்லை. கார்டன் 1915-இல் இறந்தார். அவரிடம் கட்டக் கற்ற ராய் ஸ்டீன்ராட் அடுத்த ஆண்டு உருவாக்கியது ஹென்ட்ரிக்சன். ஏப்ரல் கடைசியில் இந்த ஆறுகளில் கூட்டமாக எழும் ஒரு பூச்சிக்காகக் கட்டுவது. நான் முதலில் கற்றதும் இன்றுவரை அதிகம் கட்டுவதும் அதுதான். வுட் டக் என்ற வாத்தின் விலாப்புற இறகில் இறக்கை, நரியின் ரோமத்தில் இளஞ்சிவப்பு கலந்த உடல், சாம்பல் நிறச் சேவல் இறகில் வாலும் ஹேக்கிளும்.

அந்தத் தாளில் வரிசை வைத்துப் பார்க்கும்படி ஆனதற்கு ஒரு காரணம் இருந்தது. முதல் வருட ஏப்ரல் இறுதியில் பீவர்கில்லில் முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டிருந்தேன். மதியம் இரண்டரை மணி இருக்கும். அதுவரை சும்மா கிடந்த தண்ணீரில் சாம்பல் இறக்கைகள் பாய்மரம்போல மிதந்து வரத் தொடங்கின. பத்தடி தூரத்தில் டிரவுட் ஒன்று மூக்கை நீட்டி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்து ஒரு ஹென்ட்ரிக்சனை எடுத்தேன். நரம்பைக் காதில் கோக்கப் பார்த்தேன், போகவில்லை. குளிரில் விரல் மரத்துப் போயிருந்தது, அதனால்தான் என்று நினைத்தேன். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தால் காது முழுக்கப் பசை உறைந்திருந்தது. அதன்மேல் நான்கைந்து இறகிழைகளும் நூலோடு சேர்ந்து குறுக்கே படுத்திருந்தன. அடுத்ததை எடுத்தேன், அதுவும் அப்படியே. இன்னொரு முள்ளின் நுனியால் குத்திக் குத்தி மூன்றாவதன் காதைத் திறந்து, நரம்பைக் கட்டி நிமிர்ந்தபோது பூச்சிகள் வருவது குறைந்துவிட்டது. மீன் அடங்கிவிட்டது. வருடத்தில் சில நாட்கள்தான் அப்படி அமையும், அந்த நாளில் அந்த அரைமணி நேரம் அப்படிப் போயிற்று.

எனக்குக் கட்டக் கற்றுக்கொடுத்தவர் எழுபது தாண்டிய ஒரு பெரியவர், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர். நடந்ததைச் சொல்லி, பெட்டியில் மிச்சமிருந்ததைக் காட்டினேன். அவர்தான் வெள்ளைத் தாளை விரித்து எல்லாவற்றையும் வரிசையில் அடுக்கினார். குறை எதுவும் சொல்லவில்லை. வால்களை மட்டும் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்காட்டி, "இதை எதை வைத்து அளந்தாய்?" என்று கேட்டார். கண்ணால்தான் என்றேன். "இறக்கையை?" அதையும் கண்ணால்தான். அப்புறம் அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரை முழுவதும்: கண் ஒவ்வொரு நாளும் வேறு மாதிரி பார்க்கும், முள் மாறாது, அதனால் எல்லா அளவையும் முள்ளிடமே கேள்.

அந்த அளவுகள் சிக்கலானவை அல்ல. வாலின் நீளம் தண்டின் நீளம். இறக்கையின் உயரமும் தண்டின் நீளம்தான். ஹேக்கிளின் இழை முள்ளின் வாயைப்போல் ஒன்றரை மடங்கு, மிஞ்சிப்போனால் இரண்டு மடங்கு. இறக்கையைக் கட்டும் இடம், காதிலிருந்து பின்னோக்கித் தண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. காதுக்குப் பின்னால் குறைந்தது ஒரு காது நீளத்துக்குத் தண்டு வெறுமையாக இருக்க வேண்டும். இவற்றை எல்லாரும் முதல் வாரத்திலேயே படித்துவிடுகிறோம், நானும் படித்திருந்தேன். தெரிந்திருப்பது ஒன்று, ஒவ்வொரு முறையும் அளந்து வைப்பது இன்னொன்று.

மீன் அளவுகோல் வைத்துப் பார்க்குமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பார்க்காது. பல்பட்டுப் பாதி பிய்ந்த ஃப்ளையையும் டிரவுட் எடுத்து நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அளவு பிசகினால் வேறு தொல்லைகள் வருகின்றன. இரண்டு இறக்கையில் ஒன்று பெரிதாக இருந்தால், வீசும்போது ஃப்ளை காற்றில் பம்பரம்போல் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். வால் குட்டையாகவோ சன்னமாகவோ இருந்தால் வளைவின் எடை பின்புறத்தை இழுத்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தும். ஹேக்கிள் மிகப் பெரிதானால் மூக்கு தூக்கிக்கொண்டு நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு ஃப்ளையில் மீன் விழுந்தால் அதேபோல் இன்னொன்று வேண்டும். பெட்டியில் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி என்றால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

என் முட்டுக்கட்டை எங்கே என்றால், அளவு அத்தனை சிறியது. என்னிடமுள்ள 14ஆம் எண் முள்ளின் தண்டு சுமார் 9 மில்லிமீட்டர் (எண் கூடக்கூட முள் சிறிதாகும்). வாலில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் ஒன்பதில் ஒரு பங்கு போய்விட்டது. இரண்டு மில்லிமீட்டர் என்றால் பக்கத்திலிருப்பவருக்கே தெரியும். ஸ்கேலை வைத்து அளக்கப் பார்த்தேன், அது அந்த இடத்தில் நிற்கவில்லை. பிறகு மகனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து டிவைடரை எடுத்தேன். ஒரு முனையைக் காதுக்குப் பின்னாலும் மறு முனையை வளைவின் தொடக்கத்திலும் வைத்துத் திருகாணியை இறுக்கிவிட்டால், தண்டின் நீளம் அதில் நின்றுவிடும். அதைக் கொண்டுபோய் வாலிலும் இறக்கையிலும் ஒட்டிப் பார்க்கலாம். இன்றும் சந்தேகம் வந்தால் அதைத்தான் எடுக்கிறேன்.

ஆனால் எனக்கு உண்மையில் கைகொடுத்தது ஒரு பழைய ஞாபகம். சுவாமிமலை எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். பள்ளி விடுமுறையில் அங்கே ஸ்தபதிகளின் பட்டறை வாசலில் போய் நிற்பேன். பஞ்சலோகச் சிலைக்கு மெழுகு உருவம் செய்யும்போது அவர்கள் அடிஸ்கேலைத் தேடமாட்டார்கள். செய்யப்போகும் சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையில் ஒரு நறுக்கு எடுத்து, அதையே மடித்து மடித்துப் பங்குகளைக் குறித்துக்கொள்வார்கள். ஒடியோலை என்று அதற்குப் பெயர். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, தொடை இவ்வளவு என்று மடிப்பே சொல்லும். உத்தம தசதாலம் என்ற கணக்கில் உருவத்தின் உயரம் 124 பங்கு. சிலை ஓரடியானாலும் ஆளுயரமானாலும் பங்கு 124தான். அந்தப் பங்கின் அளவு அந்தந்தச் சிலையிலிருந்தே வருகிறது. வெளியிலிருந்து கொண்டுவரும் அளவு கிடையாது. பெரியவர் முள்ளிடமே கேள் என்றபோது அந்தப் பட்டறையின் மெழுகு வாசனையே மூக்கில் வந்தது.

அன்றிரவே ஒடியோலை ஒன்று செய்தேன். தென்னை ஓலைக்கு இங்கே எங்கே போவது, விசிட்டிங் கார்டு அட்டையிலிருந்து தீக்குச்சி அகலத்துக்கு ஒரு கீற்று வெட்டினேன். 14ஆம் எண் முள்ளை அதன்மேல் படுக்கவைத்து, காதின் பின்விளிம்பிலும் வளைவு தொடங்கும் இடத்திலும் கூர்மையான பென்சிலால் கோடு போட்டேன். அந்த நீளத்தை மூன்றாகப் பிரித்து, முன்பக்கத்திலிருந்து முதல் மூன்றிலொன்றில் ஒரு கோடு, அதுதான் இறக்கையின் இடம். காதுக்குப் பின்னால் வெறுமையாக விடவேண்டிய இடத்தைச் சிவப்புப் பேனாவால் நிரப்பினேன். கீற்றின் மறுபக்கத்தில் வாயின் அளவு, அதன் ஒன்றரை மடங்கு. முள்ளைப் பிடித்திருக்கும் வைஸின் பின்னால் ஒரு க்ளிப்பில் அதைச் செருகி வைத்தால், கட்டும் ஃப்ளைக்கு நேர் பின்னால் அளவு தெரியும். பிறகு 12ஆம் எண்ணுக்கும் ஒரு கீற்று வெட்டிக்கொண்டேன். ஓரத்தில் எண்ணும், முள்ளின் வகையும், எந்தக் கம்பெனி என்பதும் எழுதியிருக்கும்.

கம்பெனிப் பெயரை ஏன் எழுதவேண்டும் என்பதை ஒரு மார்ச் மாதம் தெரிந்துகொண்டேன். முள் தீர்ந்துவிட்டது, வேறொரு கம்பெனியின் 14 விலை குறைவாகக் கிடைத்தது, நூறு வாங்கினேன். பழைய கீற்றை வைத்தே இரண்டு டஜன் கட்டி முடித்தபின்தான் எல்லாம் தலை நெரிந்து கிடப்பதைப் பார்த்தேன். புது முள்ளின் தண்டு பழையதைவிடக் குட்டை. முள்ளின் எண் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவு கிடையாது. இவர்களின் 14 அவர்களின் 14 ஆகாது. பெட்டியில் 1எக்ஸ் லாங், 2எக்ஸ் லாங் என்று போட்டிருந்தால் அந்த எண்ணுக்கு வழக்கமானதைவிடத் தண்டு நீளம், வாய் அதேதான். அப்படிப்பட்ட முள்ளில் தண்டை வைத்து ஹேக்கிளைக் கணக்கிட்டால் இறகு பெரிதாகிவிடும், வாயை வைத்துக் கணக்கிட்டால் தப்பிக்கலாம். புது முள் வாங்கினால் முதலில் புதுக் கீற்று. இதில் சோம்பல் கூடாது.

சரி, அளவு கையில் இருக்கிறது. அப்படியும் ஏன் தவறுகிறது? எனக்கு இரண்டு இடத்தில் தவறியது: ஒன்று காதுக்குப் பின்னாலுள்ள இடம், இன்னொன்று கை மாற்றும் நொடி.

காதுக்குப் பின்னாலுள்ள இடம் ஒரே நாளில் பறிபோவதில்லை. ஒவ்வொரு படியிலும் நூல் இரண்டு சுற்று முன்னே வரும். இறக்கையை நிமிர்த்த அதன் முன்னால் நாலு சுற்று, ஹேக்கிளை முடிக்க மூன்று சுற்று, பயத்தில் இன்னும் இரண்டு சுற்று. கடைசியில் முடிச்சுப் போட இடமில்லாமல் காதின் மேலேயே முடிச்சு விழுகிறது. அதன்மேல் பசை. பீவர்கில்லில் எனக்கு நடந்தது இதுதான். இப்போது என் நூலின் முதல் சுற்றே சிவப்பு எல்லையின் பின்விளிம்பில் விழும். அங்கிருந்து பின்னோக்கித்தான் போவேன். தலை கட்டும் நேரம் வரும்வரை எதுவும் அந்த முதல் சுற்றைத் தாண்டி முன்னே வரக்கூடாது. தாண்டினால் அவிழ்த்து மறுபடி. இது ஒன்றை மட்டும் செய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று புதிதாகக் கட்டுபவர்களிடம் நான் அடித்துச் சொல்வேன்.

சுற்றுகளை எண்ணுவதும் அதோடு சேர்ந்ததுதான். வாலைப் பிடிக்க நாலு சுற்று, இறக்கையைப் பிடிக்க ஐந்து, ஹேக்கிள் இறக்கைக்குப் பின்னால் நாலு சுற்று, முன்னால் மூன்று. எண்ணிக்கை என்ன என்பதைவிட ஒரு டஜனில் அது மாறாமல் இருப்பதுதான் முக்கியம். வாய்விட்டே எண்ணுவேன். நூலின் தடிமனும் கணக்கில் சேரும். 70 டெனியர் நூலில் ஐந்து சுற்றும் 140 டெனியரில் ஐந்து சுற்றும் ஒன்றல்ல. இன்னொன்று எனக்கு ரொம்ப நாள் தெரியாமல் இருந்தது. சுற்றச் சுற்ற நூலில் முறுக்கு ஏறுகிறது. முறுக்கேறிய நூல் கயிறுபோல் உருண்டு மேடு கட்டும், முறுக்கில்லாத நூல் நாடாபோல் தட்டையாகப் படியும். அவ்வப்போது நூல்கண்டு மாட்டிய பாபினைத் தொங்கவிட்டு எதிர்ப்பக்கமாகச் சுழலவிட்டால் நூல் தட்டையாகிவிடும். உடலுக்கு அடியில் மேடு இல்லாமல் இருந்தால்தான் மேலே ரோமம் சீராகச் சரிந்து வரும்.

இனி இறக்கை. இதில்தான் நான் ஒரு குளிர்காலம் முழுக்கச் செலவழித்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வுட் டக்கின் விலா இறகு எலுமிச்சைப் பழுப்பில், மெல்லிய கறுப்புக் கோடுகளோடு இருக்கும். இழைகளின் நுனி ஒரே மட்டத்தில் நிற்கும்படி இறகை நீவி, ஒரு கொத்தை எடுக்க வேண்டும். அந்தக் கொத்தை வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, தண்டின் மேல் படுக்கவைத்து, நுனி காதின் பின்விளிம்பைத் தொடும்போது விரல்நுனி வளைவின் தொடக்கத்தைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டால் தண்டின் நீளம் கிடைத்துவிட்டது. இனி அதைக் கட்டவேண்டிய இடத்துக்கு, காதிலிருந்து மூன்றில் ஒரு பங்கு பின்னால், நுனி முன்பக்கம் நீட்டியிருக்கும்படி நகர்த்த வேண்டும். கட்டுவதற்கு வலது கையில் நூல் வேண்டும், ஆகவே கொத்தை இடது கைக்கு மாற்ற வேண்டும். இந்த மாற்றும் நொடியில்தான் ஒரு மில்லிமீட்டர் வழுக்கிவிடும். இடது விரல் முன்னே தள்ளிப் பிடிக்கும் அல்லது பின்னே இழுக்கும். நமக்குத் தெரியவே தெரியாது.

இதற்கு நான் கண்ட வழி இதுதான். வலது விரல் பிடித்திருக்கும் இடத்தின் விளிம்பில் இடது கட்டைவிரலின் நகத்தைச் சரியாகப் பொருத்துவேன். நகத்தின் ஓரம்தான் அளவுக்கோடு. வலது விரலை விட்டபின் நகம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நூல் விழவேண்டும். நூலைச் சட்டென்று இறுக்காமல், கொத்துக்கு மேலே விரலிடுக்கில் ஒரு தளர்ந்த வளையமாக விட்டு, நேர் கீழ்நோக்கி இழுப்பேன். அப்போது இழைகள் தண்டைச் சுற்றி உருளாமல் மேலேயே அமரும். அப்படியும் நூல் எல்லாவற்றையும் கொஞ்சம் மறுபக்கம் இழுக்கத்தான் செய்யும், அதனால் கொத்தை நம்மைப் பார்த்த பக்கமாக மயிரிழை தள்ளி வைத்தால் நடுவில் வந்து நிற்கும். இரண்டு சுற்று போட்டதும் நிறுத்திக் கீற்றோடு ஒப்பிடுவேன். குறைந்தாலும் கூடினாலும் அந்த இரண்டு சுற்றை அவிழ்ப்பது சுலபம். ஃப்ளை முழுதும் கட்டிய பிறகு இறக்கையைக் கத்தரித்துச் சரிசெய்யலாம் என்று நினைக்கவே கூடாது. வெட்டிய நுனி மழுங்கித் தெரியும், இறகின் இயல்பான நுனிதான் அழகு.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டே கட்டினேன். அம்மா வாழைநாரில் மல்லிச்சரம் கட்டிக்கொண்டிருந்தாள். என் கையையே சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஏன்டா அவ்வளவு இறுக்கற? காம்பு அறுந்துடும்டா. பிடிக்கணும், நசுக்கக் கூடாது" என்றாள். என் இறக்கைகள் அடியில் விசிறிபோல் விரிந்து போவதன் காரணம் அதுதான். முதல் சுற்றை முழு பலத்தில் இழுத்துக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் அன்றைக்குப் பார்த்தேன். அம்மா சரம் தொடங்குவதற்கு முன்பே மொட்டுகளைத் தாம்பாளத்தில் பெரிது, சிறிது என்று ஒதுக்கி வைத்திருந்தாள். கட்டும்போது தேடவே இல்லை. கை போன இடத்தில் அதே அளவு மொட்டு இருந்தது.

நான் அதுவரை ஒரு ஃப்ளைக்கு வேண்டியதை எடுப்பேன், கட்டுவேன், மறுபடி எடுப்பேன். ஒவ்வொரு முறையும் இறகைத் தேடும்போது கையின் போக்கு அறுந்துவிடும். இப்போது ஒரு டஜனுக்குத் தேவையானதை முன்கூட்டியே பிரித்துவைக்கிறேன். பன்னிரண்டு முள், கூர்நுனிக்குப் பக்கத்திலுள்ள பார்ப் என்ற எதிர்முள் நசுக்கியது. பன்னிரண்டு இறக்கைக் கொத்து, பன்னிரண்டு வால் கொத்து, ஹேக்கிள் இறகுகள் அளந்து வரிசையில். அதன்பிறகு கட்டுவது மட்டும்தான் வேலை. ஒரே அமர்வில் ஒரே எண், ஒரே வகை. நடுவில் 12-க்குத் தாவினால் கண் குழம்பிவிடும். முதல் மூன்றும் எப்போதும் கொஞ்சம் கோணலாகத்தான் வரும், அவற்றைப் பிரித்து அந்த முள்ளிலேயே கடைசியில் மறுபடி கட்டுவேன்.

ஹேக்கிளை அளக்க ஹேக்கிள் கேஜ் என்று ஒரு சின்னக் கருவி உண்டு. இறகை அதிலுள்ள குச்சியில் வளைத்தால் இழைகள் விரிந்து எந்த எண்ணுக்குப் பொருந்தும் என்று காட்டும். அதிகம் விலையில்லை, கட்டாயம் வாங்குங்கள். சேவலின் கழுத்துத் தோலில் தலைப்பக்கம் சிறிய இறகும் கீழே போகப்போகப் பெரிய இறகும் இருக்கும், கண்ணால் எடுத்தால் தவறும். முதுகுப்புற இறகு, அதாவது ஹேக்கிளுக்காகவே வளர்த்த சேவலின் சேடில் இறகு, நீளமாக இருக்கும். அதன் இழை நெடுகிலும் ஒரே அளவு. ஒரு இறகில் நாலைந்து ஃப்ளை கட்டலாம். ஒரே இறகிலிருந்து வருவதால் அந்த நாலைந்தும் தாமாகவே ஒன்றுபோல் அமையும். எனக்குத் தெரிந்து சீராகக் கட்டுவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

இறகைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லாமல் இருக்கமுடியாது. சால்மன் ஃப்ளைகளில் கன்னம்போலப் பளபளக்கும் மஞ்சள் பொட்டு வைத்த இறகு ஒன்று வரும். ஜங்கிள் காக் என்பார்கள். அது நம் தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு. ஒரு காலத்தில் அந்தக் கழுத்துகள் ஏராளமாக இங்கிலாந்துக்குப் போயின. இப்போது இந்தியாவில் அந்தப் பறவைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, வெளிநாட்டில் கிடைப்பது கூண்டில் வளர்த்த பறவைகளின் இறகு. முதன்முதலில் ஒரு கடையில் அதைப் பார்த்தபோது நம்மூர்ப் பறவையை அடையாளம் கண்டுகொண்ட சந்தோஷமும், அது எத்தனை செத்திருக்கும் என்ற வருத்தமும் சேர்ந்தே வந்தன. நான் அதை வாங்கவில்லை.

கட்டியதை அவிழ்ப்பதும் ஒரு படிப்புதான். 1920-களின் கடைசியில் ராஸ்கோவில் வால்ட் டெட் என்ற இளைஞர், அப்போது பெயர்பெற்றிருந்த ரூபன் கிராஸிடம் தனக்குக் கட்டக் கற்றுத்தரும்படி கேட்டார். கிராஸ் மறுத்துவிட்டார். டெட்டும், பின்னாளில் அவர் மனைவியான வின்னியும், நண்பர் ஹாரி டார்பியும் கிராஸ் கட்டிய ஃப்ளைகளை வாங்கி, ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, எது முதலில் வைக்கப்பட்டது, எங்கே கட்டப்பட்டது என்று பார்த்துப் பார்த்தே கற்றார்கள். பின்னர் அவர்களே கேட்ஸ்கில் பாணியின் பெரிய கைகளானார்கள். இதைக் கேள்விப்பட்டதும் நானும் ஒரு நல்ல ஃப்ளையை வாங்கி அவிழ்த்துப் பார்த்தேன். அதில் எனக்கு அதிர்ச்சி தந்தது நூலின் சிக்கனம். நான் பதினைந்து சுற்று போடும் இடத்தில் ஐந்துதான் இருந்தது. ரோமமும் அப்படித்தான், நான் எடுப்பதில் மூன்றில் ஒரு பங்கு இருந்திருக்கும்.

என் சொந்த ஃப்ளைகளையும் அவிழ்க்கிறேன். டஜன் முடிந்ததும் ஒரு மில்லிமீட்டர் கட்டம் போட்ட கிராஃப் தாளில் வரிசையாக வைத்து, நேர் மேலிருந்து செல்போனில் ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பியதெல்லாம் தெரியும். கூட்டத்தில் சேராததை எடுத்து, பிளேடால் தண்டின் மேற்புறம் கீறினால் எல்லாம் உரிந்து வந்துவிடும், முள் மறுபடி பயன்படும். முதலில் பன்னிரண்டுக்கு ஏழு எட்டு பிளேடுக்குப் போயிற்று. மனசு வலிக்கத்தான் செய்யும். ஆனால் எந்த இடத்தில் தவறியது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்ததில், மூன்று வாரத்தில் ஒன்று தெளிவாயிற்று. வால் தவறியவை எல்லாம் இரவு பத்து மணிக்குமேல் கட்டியவை. இப்போது பத்துக்கு விளக்கை அணைத்துவிடுகிறேன். இன்னொரு சின்ன விஷயம், வைஸ் எப்போதும் கண்ணுக்கு நேராக ஒரே உயரத்தில் இருக்கட்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் இறக்கை உள்ளதைவிடக் குட்டையாகத் தெரியும்.

போன ஏப்ரலில் பெரியவரும் நானும் சேர்ந்து ராஸ்கோவுக்குப் போனோம். என் பெட்டியில் இரண்டு வரிசை ஹென்ட்ரிக்சன். அவருக்கு இப்போது கண் மங்கல், கட்டுவதைக் குறைத்துக்கொண்டார். பெட்டியை நீட்டியதும் ஆற்றைப் பார்த்துக்கொண்டே கையைவிட்டு ஒன்றை எடுத்தார், காதைத் தடவிப் பார்த்தார், நரம்பைக் கோத்து வீசப் போய்விட்டார்.

இந்தக் குளிர்காலத்துக்கு 16ஆம் எண். தண்டு 7 மில்லிமீட்டர்தான் இருக்கிறது, சிவப்பு எல்லை கீற்றில் ஒரு கோடுபோலத்தான் விழுகிறது. கீற்று வெட்டி க்ளிப்பில் மாட்டியாயிற்று. வால் ஒழுங்காக வருகிறது. இறக்கை இன்னும் நகத்தின் ஓரத்தில் வழுக்குகிறது, பன்னிரண்டில் ஐந்து பிளேடுக்குப் போகிறது.